கோல்கீப்பர் அடித்த 95-வது நிமிட கோல்... பிழைத்தது கார்லைல், காணாமல் போனது ஸ்கார்பரோ! லீக்கை விட்டு விழுந்தால் ஒரு கிளப்புக்கு என்ன ஆகும்?

ஐபிஎல்லில் ஒரு அணி கடைசி இடம் பிடித்தால் என்ன ஆகும்? மீம்ஸ் பறக்கும், அவ்வளவுதான். 2025-ல் சிஎஸ்கே 10-வது இடத்தில் முடித்தபோதும் அதுதான் நடந்தது. அடுத்த வருஷம் அதே தொடர், அதே மஞ்சள் ஜெர்சி.

இங்கிலாந்து கால்பந்தில் கதையே வேற. அங்கே கடைசி இடம் பிடித்தால் அந்த லீக்கிலேயே இடம் கிடையாது, ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் ரெலிகேஷன். பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கும் பெரிய கிளப்புகள்தான் செய்தியில் வரும். ஆனால் உண்மையான உயிர்ப் போராட்டம் நடப்பது நான்காவது அடுக்கின் அடியில். அங்கே இருந்து விழுந்தால், லீக் என்ற குடும்பத்தை விட்டே வெளியே.

அப்படி ஒரு போராட்டத்தில் 1999-ல் ஒரே ஒரு கோல் இரண்டு ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது. அதை அடித்தவர் ஸ்ட்ரைக்கர் இல்லை, கோல்கீப்பர். அதுவும் வேறொரு கிளப்பில் இருந்து கடனாக வந்தவர்!

முதலில், இந்த அடுக்கு எப்படி வேலை செய்கிறது?

மேலே பிரீமியர் லீக், 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள், ஆக 72. இந்த மூன்றையும் நடத்துவது இஎஃப்எல் எனப்படும் இங்கிலிஷ் ஃபுட்பால் லீக். 20-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 92. இங்கிலாந்து ரசிகர்களுக்கு இந்த 92 ரொம்ப முக்கியமான எண். 92 மைதானங்களுக்கும் போய் மேட்ச் பார்ப்பதையே வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

லீக் டூவில் 23, 24-வது இடம் பிடிக்கும் இரண்டு கிளப்புகள் ஒவ்வொரு வருஷமும் ஐந்தாவது அடுக்கான நேஷனல் லீக்குக்கு இறங்கும். அங்கிருந்து இரண்டு கிளப்புகள் மேலே ஏறும். சாம்பியன் நேரடியாக ஏறிவிடும். இன்னொரு இடத்துக்கு பிளே-ஆஃப்.

லீக் டூ என்ற பெயர் 2004-ல் வந்தது. 1999-ல் இதே நான்காவது அடுக்குக்கு தேர்டு டிவிஷன் என்று பெயர். அப்போது இறங்குவது ஒரே ஒரு கிளப்தான். நேஷனல் லீக்கின் அன்றைய பெயர் கான்ஃபரன்ஸ்.

1987-க்கு முன்பு வரை தேர்தல்!

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பல வருஷங்கள் வரை கடைசி இடம் பிடித்தவர் தானாக இறங்கும் விதியே கிடையாது. கடைசி நான்கு கிளப்புகள் மற்ற கிளப்புகளிடம் போய் "எங்களை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓட்டு கேட்க வேண்டும். வெளியே இருக்கும் கிளப்புகள் "எங்களுக்கு இடம் கொடுங்கள்" என்று ஓட்டு கேட்கும். பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வார்கள். தெரிந்த முகம் ஆயிற்றே!

எப்போதாவதுதான் கதவு திறந்தது. 1970-ல் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ வெளியே, கேம்பிரிட்ஜ் யுனைடெட் உள்ளே. 1972-ல் பாரோ வெளியே, ஹெர்ஃபோர்டு உள்ளே. 1977-ல் வொர்க்கிங்டன் போய் விம்பிள்டன் வந்தது. 1978-ல் சவுத்போர்ட் போய் விகன் வந்தது. இதில் பாரோ திரும்பி வர 48 வருஷம் ஆனது. 2020-ல்தான் மறுபடி லீக்குக்குள் கால் வைத்தார்கள்.

1986-87 சீசனில் இருந்து ஓட்டு கிடையாது, கடைசி இடம் பிடித்தால் நேராக வெளியே என்று விதி மாறியது. அந்த முதல் வருஷமே ஒரு கூத்து நடந்தது.

விதியை மாற்றிய நாய்க்கடி

1987 மே 9. கடைசி நாள் ஆட்டங்கள். ஆபத்தில் இருந்தது மூன்று கிளப்புகள்: பர்ன்லி, டார்க்கி யுனைடெட், லிங்கன் சிட்டி. பர்ன்லி சாதாரண கிளப் இல்லை. 1888-ல் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று, 1960-ல் இங்கிலாந்து சாம்பியன். அது அன்று ஓரியண்ட் அணியை 2-1 என்று ஜெயித்துத் தப்பிவிட்டது. லிங்கன், ஸ்வான்சியிடம் 2-0 என்று தோற்றது.

டார்க்கி, க்ரூ அணியிடம் 2-0 என்று பின்தங்கி, பிறகு ஜிம் மெக்நிக்கல் ஃப்ரீ கிக்கில் ஒரு கோலைத் திருப்பியிருந்தது. இன்னும் ஒரு கோல் தேவை. நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது கோட்டோரமாகப் பந்தைத் துரத்தி ஓடினார் மெக்நிக்கல். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ் நாய், தன் அதிகாரியைத்தான் தாக்க வருகிறார் என்று நினைத்ததோ என்னவோ, பாய்ந்து அவர் தொடையைக் கடித்துவிட்டது!

சிகிச்சைக்கு ஆட்டம் நின்றது. நின்ற நேரத்தைக் கடைசியில் கூட்டிக் கொடுத்தார் நடுவர். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் பால் டாப்சன் கோல் அடித்தார். 2-2. டார்க்கியும் லிங்கனும் சம புள்ளி. கோல் வித்தியாசத்தில் டார்க்கி தப்பியது. கடைசி நாளுக்கு முன்பு கடைசி இடத்தில்கூட இல்லாத லிங்கன், புது விதியில் வெளியேறிய முதல் கிளப் ஆனது. பிரின் என்ற அந்த நாயின் பெயர் டார்க்கி ரசிகர்களுக்கு இன்றும் மனப்பாடம்.

லிங்கன் ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. சரி, லிங்கன் காலி செய்த இடத்தில் அந்த 1987-ல் ஏறிய கிளப் எது? நீல் வார்னாக் பயிற்சியில் கான்ஃபரன்ஸ் சாம்பியனான ஸ்கார்பரோ. யார் தயவும் இல்லாமல், யாரிடமும் ஓட்டு கேட்காமல், ஆடி ஜெயித்து நேரடியாக லீக்குக்குள் நுழைந்த முதல் கிளப் அதுதான். யார்க்ஷயர் கடற்கரையில் உள்ள ஒரு சுற்றுலா ஊர். 12 வருஷம் கழித்து, எந்த விதி உள்ளே கொண்டுவந்ததோ அதே விதி அவர்களைத் தேடி வந்தது.

1999 மே 8: கார்லைலில் என்ன நடந்தது?

கார்லைல், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய ஊர். சுற்றுவட்டாரத்தில் வேறு பெரிய கிளப் இல்லை. அதனால் ஒரு மாவட்டத்துக்கே அதுதான் அணி. 1928 முதல் லீக்கில் இருந்து வந்தது. பின்னாளில் லிவர்பூலை உலகப் புகழுக்குக் கொண்டுபோன பில் ஷாங்லி, மேனேஜராகத் தொழில் தொடங்கியது இங்கேதான். 1974-75 சீசனில் முதல் டிவிஷனில் ஆடியது மட்டுமில்லை, முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்து இங்கிலாந்தின் முதல் இடத்திலேயே உட்கார்ந்தது.

அப்படிப்பட்ட கிளப் எப்படி அடிமட்டத்துக்கு வந்தது? 1992-ல் கிளப்பை வாங்கியவர் மைக்கேல் நைட்டன். 1989-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கப் போவதாகச் சொல்லி, ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஜெர்சி போட்டுக்கொண்டு பந்தைத் தட்டி வித்தை காட்டியவர் இவர்தான். அந்த டீல் நடக்கவில்லை. கார்லைலில் முதலில் நல்லாத்தான் போனது. பிறகு 1997-ல் மேனேஜரை நீக்கிவிட்டு அணியைத் தானே பார்த்துக்கொண்டார். அந்த சீசனில் கிளப் ஒரு படி இறங்கியது. மேட் ஜேன்சன், ரோரி டெலாப் போன்ற இளம் வீரர்கள் பெரிய கிளப்புகளுக்கு விற்கப்பட்டார்கள். சின்ன கிளப்புகள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு நல்ல வீரராக.

1998-99 சீசனின் கடைசிக் கட்டத்தில் கோல்கீப்பர் டோனி கெய்க்கும் பிளாக்பூலுக்கு விற்கப்பட்டார். அவருக்குப் பதில் டெர்பியில் இருந்து லோனில் வந்த கீப்பரை, டெர்பி திருப்பி அழைத்துக்கொண்டது. வீரர்களை வாங்கும் கெடுவும் முடிந்துவிட்டது. கையில் கீப்பரே இல்லை! கடைசியில் லீக்கிடம் சிறப்பு அனுமதி வாங்கி, ஸ்விண்டன் டவுனில் இருந்து ஜிம்மி கிளாஸ் என்ற 25 வயது கீப்பரை லோனில் கொண்டுவந்தார்கள். அவர் கார்லைலுக்கு ஆடியது மொத்தமே மூன்று ஆட்டம்.

கடைசி நாள். ஸ்கார்பரோ 47 புள்ளி, கார்லைல் 46. கால்பந்தில் ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. ஸ்கார்பரோ தன் சொந்த மைதானத்தில் பீட்டர்பரோவுடன் 1-1 டிரா. 48 ஆகிவிட்டது. கார்லைல் டிரா செய்தால் 47-தான், காலி. ஜெயித்தே ஆக வேண்டும்.

பிரன்டன் பார்க் மைதானத்தில் எதிரணி ப்ளைமவுத் ஆர்கைல். இரண்டாம் பாதி தொடங்கியதும் ப்ளைமவுத் கோல் அடித்தது. டேவிட் பிரைட்வெல் அடித்து 1-1 என்று சமன் செய்தார். அதன்பிறகு கார்லைல் முட்டி மோதுகிறது, கோல் விழவில்லை. 90 நிமிடம் முடிந்தது. கூடுதலாக 4 நிமிடம்.

இதற்குள் ஸ்கார்பரோ ஆட்டம் முடிந்துவிட்டது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, கார்லைல் முடிவுக்காக ரேடியோவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இன்னும் சில விநாடி போனால் கொண்டாட்டம்தான்.

கார்லைலுக்கு ஒரு கார்னர் கிக். அநேகமாக ஆட்டத்தின் கடைசி உதை. கோல்கீப்பர் கிளாஸ், மேனேஜர் நைஜல் பியர்சனைத் திரும்பிப் பார்க்கிறார். "போ, போ" என்று கை காட்டுகிறார் பியர்சன். தன் கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஓடினார் கிளாஸ். கிரஹாம் ஆண்டனி அடித்த கார்னரை ஸ்காட் டோபி தலையால் முட்டினார். ப்ளைமவுத் கீப்பர் தடுத்தார். தடுத்த பந்து தெறித்து வந்து விழுந்தது கிளாஸின் காலடியில். வலது காலால் ஒரே அடி. கோல்!

கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள். அவர்களை வெளியேற்றி ஆட்டத்தைத் தொடங்கியதுமே நடுவர் விசில் ஊதிவிட்டார். கார்லைல் 49, ஸ்கார்பரோ 48. ரேடியோவில் செய்தி கேட்ட ஸ்கார்பரோ மைதானத்தில் அழுகை.

கிளாஸ் கார்லைலில் தொடரவில்லை. சில வருஷங்களிலேயே கால்பந்தை விட்டார், பிறகு டாக்சி ஓட்டினார். சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரின் அர்த்தம், ஒரே ஒரு ஹிட் கொடுத்தவர் என்பது. தன்னைத்தானே அவரைவிட யாரும் நன்றாகக் கலாய்க்க முடியாது.

விழுந்த ஸ்கார்பரோவுக்கு என்ன ஆனது?

கார்லைல் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மிச்சம்தான் முக்கியம்.

ஸ்கார்பரோவால் லீக்குக்குத் திரும்பவே முடியவில்லை. இடையில் ஒரு நல்ல நாள் இருந்தது. 2004 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் செல்சி அவர்கள் ஊருக்கே வந்து ஆடியது. பெரும் பணம் செலவழித்து நட்சத்திரங்களைக் குவித்திருந்த செல்சி, ஜான் டெர்ரி அடித்த ஒரே கோலில்தான் ஜெயிக்க முடிந்தது. ஆனால் கடன் ஏறிக்கொண்டே போனது. 2006-ல் ஆறாவது அடுக்குக்கு இறங்கியது. மைதானத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று பார்த்தால், அந்த நிலம் விளையாட்டுக்கு மட்டும்தான் என்று பழைய ஒப்பந்தம் குறுக்கே நின்றது.

2007 ஜூனில், சுமார் 25 லட்சம் பவுண்டு கடனோடு கிளப் கலைக்கப்பட்டது. 1879-ல் தொடங்கிய கிளப். கார்லைலில் அந்தப் பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடன் ஏற்கெனவே இருந்தது, நிர்வாகத் தவறுகளும் இருந்தன. ஆனால் லீக்கில் இருந்திருந்தால் வந்திருக்கும் பணம் எட்டு வருஷம் வரவில்லை என்பது மட்டும் உண்மை.

ரசிகர்கள் விடவில்லை. அதே மாதத்தில் ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்று புது கிளப் தொடங்கினார்கள். இது ரசிகர்களுக்கே சொந்தமான கிளப். சொந்த ஊரில் மைதானம் இல்லாததால் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் போய் 10 வருஷம் ஆடினார்கள். 2017-ல்தான் ஊர் திரும்பினார்கள். பழைய மைதானம்? அங்கே இப்போது லிடில் சூப்பர் மார்க்கெட்.

ஒரு படி இறங்கினால் அப்படி என்ன நஷ்டம்?

பணம்தான். லீக் டூவில் இருக்கும் வரை இஎஃப்எல் டிவி ஒப்பந்தத்தில் ஒரு பங்கு வரும். பிரீமியர் லீக் கீழ் அடுக்குகளுக்குக் கொடுக்கும் தொகையிலும் ஒரு பங்கு வரும். நேஷனல் லீக்குக்குப் போனால் இவை போய்விடும். திடீரென்று மூச்சு முட்டக் கூடாது என்று சில காலத்துக்கு ஒரு உதவித் தொகை தருவார்கள். அது நிற்பதற்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்பதுதான் ஓட்டம்.

லீக் கோப்பையில் ஆட முடியாது. எஃப்ஏ கோப்பையில் நேராக முதல் சுற்று கிடையாது, தகுதிச் சுற்றில் இருந்து தொடங்க வேண்டும். பெரிய கிளப் ஒன்றோடு ஆட்டம் விழுந்தால் ஒரு வருஷச் செலவையே ஈடுகட்டலாம் என்ற லாட்டரி வாய்ப்பும் இப்படிச் சுருங்குகிறது.

வீரர்களில் பலருக்கு "இறங்கினால் சம்பளம் குறையும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஆடத் தெரிந்தவர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார். போக முடியாதவர்கள் யார் என்றால், டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர், புல்தரை பராமரிப்பவர், ஜெர்சி துவைப்பவர், அலுவலக ஊழியர்கள். சின்ன ஊர்களில் ஆட்குறைப்பு என்றால் முதலில் கை வைப்பது அங்கேதான்.

களத்தில் ஜெயித்தும் இறங்க முடியுமா?

முடியும். லூட்டன் டவுனைக் கேளுங்கள். நிதிச் சிக்கல், விதிமீறல் என்று 2008-09 சீசனை மைனஸ் 30 புள்ளிகளில் தொடங்க வைத்தார்கள். களத்தில் அவர்கள் எடுத்தது 56 புள்ளி. பட்டியலில் நின்றது 26. நடுவில் பாதுகாப்பாக முடிய வேண்டிய அணி, கடைசி இடம் பிடித்து வெளியேறியது. இதில் இன்னொரு கொடுமை, அதே 2009 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று வீழ்த்திக் கீழ் அடுக்கு கிளப்புகளுக்கான கோப்பையை ஜெயித்திருந்தார்கள். கோப்பையும் கையில், ரெலிகேஷனும் தலையில்!

மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் இன்னும் மோசம். வீரர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் தராததால் 2019-20-ல் பல முறை புள்ளி பறிக்கப்பட்டது. கடைசி இடத்தில் இருந்த ஸ்டீவனேஜ் தப்பியது, மேக்கிள்ஸ்ஃபீல்டு இறங்கியது. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் அந்தக் கிளப்பைக் கலைக்க உத்தரவிட்டது. வீடு, மனை விற்கும் வலைதளத்தில் அதன் மைதானம் விற்பனைக்கு வந்தது. தப்பிய ஸ்டீவனேஜ், மூன்றே வருஷத்தில் லீக் ஒன்னுக்கு ஏறியது.

அப்போ விழுந்தால் எழவே முடியாதா?

அப்படியும் இல்லை. லூட்டன் ஐந்து வருஷம் வெளியே இருந்து 2014-ல் திரும்பியது, 2023-ல் பிரீமியர் லீக்குக்கே போனது. பிறகு அடுத்தடுத்து இரண்டு வருஷம் இறங்கி லீக் ஒன்னுக்கு வந்தது வேறு கதை. வேல்ஸைச் சேர்ந்த ரெக்சம் 2008-ல் விழுந்து 15 வருஷம் கிடந்தது. 'டெட்பூல்' நாயகன் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்எல்ஹென்னியும் வாங்கிய பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று வருஷமும் தொடர்ந்து படி ஏறியது. ஹாலிவுட் நடிகர் எல்லா ஊருக்கும் வர மாட்டார் என்பதுதான் சிக்கல்.

கார்லைல் என்ன ஆனது? கிளாஸ் கொடுத்தது ஐந்து வருஷ அவகாசம். அடுத்த வருஷமே, 2000-ல், கோல் வித்தியாசத்தில் செஸ்டரை முந்தி மறுபடி மயிரிழையில் தப்பியது. 2004-ல் தப்ப முடியவில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் பிளே-ஆஃப் ஜெயித்துத் திரும்பி, 2006-ல் லீக் டூ சாம்பியனே ஆனது. 2023-ல் வெம்ப்ளியில் ஸ்டாக்போர்ட்டை பெனால்டியில் வீழ்த்தி லீக் ஒன்னுக்கு ஏறியது. அந்த வருஷமே அமெரிக்காவைச் சேர்ந்த பியாடக் குடும்பம் கிளப்பை வாங்கியது, பணமும் வந்தது. இருந்தும் 2024-ல் ஒரு படி, 2025-ல் இன்னொரு படி என்று இறங்கி மறுபடி நேஷனல் லீக்குக்கு வந்து சேர்ந்தது. பணம் இல்லாமல் விழுந்தவர்களைப் பார்த்தோம், பணம் வந்தும் விழலாம் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

மேலே ஏறும் கதவு ஏன் இவ்வளவு குறுகல்?

லீக் ஒன்னில் இருந்து லீக் டூவுக்கு ஒவ்வொரு வருஷமும் நான்கு கிளப்புகள் இறங்கும், நான்கு ஏறும். ஆனால் லீக் டூவுக்கும் நேஷனல் லீக்குக்கும் இடையில் மட்டும் இரண்டுதான். அதனால் ஒரு முறை விழுந்தவர்கள், 24 பேர் முட்டி மோதும் இடத்தில் இரண்டு இடத்துக்குள் வர வேண்டும்.

இதை மூன்றாக்குங்கள் என்று நேஷனல் லீக் கிளப்புகள் 2025-ல் கூட்டாகப் பிரச்சாரம் தொடங்கின. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவைத் திறக்கும் சாவி இருப்பது இஎஃப்எல்லின் 72 கிளப்புகளிடம். மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தால், லீக் டூவில் 22-வது இடம் பிடித்தவரும் வெளியே போக வேண்டியிருக்கும்.